பன்னிரண்டடித் தடமும் இரண்டேகால் ஏக்கர் காடும்

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கையில் 75 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஓமலூர் வட்டத்தில், விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 2 ஏக்கர் 35 சென்ட் புஞ்சைக் காடு விலைக்கு வந்திருக்கிறது. சென்ட் 30,000 ரூபாய். கிணற்றில் பாதிப் பங்கு, 5 எச்.பி. இலவச மின் இணைப்பு, 12 அடித் தடம். ஒரு மூலையில் உயரழுத்த மின்கம்பி போகிறது. பட்டா, விற்பவர்களின் காலமான தந்தை பெயரிலும் அவருடைய அண்ணன் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. விற்கும் பகுதி 0.92.50 ஹெக்டேர் கொண்ட உட்பிரிவு. இரண்டு மகன்கள் கையெழுத்துப் போடுவார்கள். தங்கைக்குக் கல்யாணத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள் என்கிறார் தரகர். ‘இப்போதைக்கு மரவள்ளி போடுங்கள், பத்து வருஷத்தில் சைட் போட்டு விற்கலாம்’ என்பது அவர் யோசனை. என் மைத்துனரோ இந்தப் பணத்தில் ஏற்காட்டில் 40 சென்ட் காபித் தோட்டம் வாங்கி காட்டேஜ் கட்டலாம் என்கிறார். எது சரி?

— வாசகர், சேலம்

பதில்:

ஐயா, தரகர் வாயால் சொன்னதை ஒதுக்கிவிட்டு, காகிதத்தில் இருப்பதை மட்டும் முதலில் பார்ப்போம்.

0.92.50 ஹெக்டேர் என்றால் 92.5 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக, பட்டாப்படி உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 228.5 சென்ட். சொல்லும் அளவு 235. ஆறரைச் சென்ட் எங்கே போனது? பழைய பத்திரத்தில் இருந்த அளவை அப்படியே சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம்) அளவையில் ஓடையோ தடமோ தனி உட்பிரிவாகப் பிரிந்து போயிருக்கலாம். காரணம் எதுவானாலும், 30,000 வீதம் அது 1,93,000 ரூபாய். ‘சர்வேயர் அளந்து வரும் அளவுக்கே சென்ட் விலை’ என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பேசி முடித்த பிறகு சொன்னால் சண்டை வரும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 235 சென்ட்டுக்குக் கொடுத்தால் விலை 70.5 லட்சம், பதிவுச் செலவு 6.34 லட்சம், கூட்டினால் உங்கள் 75 லட்சத்தைத் தாண்டிவிடும். 228.5 சென்ட்டுக்கே கொடுத்தாலும் 74.7 லட்சம். தரகு, வக்கீல், அளவை, வேலி, மோட்டார் எதற்கும் மிச்சமில்லை. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அவசரத்துக்கு விற்க முடியாத ஒரே சொத்தில் இறக்குவதை நான் சரியென்று சொல்ல மாட்டேன்.

இனித் தடம். ‘வருங்காலத்தில் சைட்’ என்று சொல்லி விற்கப்படும் காடுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். 12 அடித் தடத்தை நம்பி மனைப்பிரிவு அனுமதி வராது. உள்ளே போடும் சாலைகளையே இருபத்து மூன்று, இருபத்து நான்கு அடிக்குக் குறையாமல் கேட்பார்கள். அந்தச் சாலை வந்து சேரும் பாதை அதைவிடக் குறுகலாக இருந்தால் கோப்பு நகராது. தார்ச்சாலையிலிருந்து உங்கள் காட்டுக்கு 200 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் 12 அடி அகலம் வேண்டுமானால் வழிநெடுகிலும் சுமார் 18 சென்ட் வாங்க வேண்டும். அதைத் தரவேண்டியவர்கள் பக்கத்துக் காட்டுக்காரர்கள். உங்களுக்கு அது இல்லாமல் முடியாது என்று தெரிந்த அன்றே சென்ட் விலை அவர்கள் வாயிலிருந்து எப்படி வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இருக்கிற 12 அடியாவது உங்களுக்கு உரிமையா என்பதையும் பார்க்க வேண்டும். புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடத்துக்குத் தனிப் புல எண்ணோ உட்பிரிவோ கொடுத்து, பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று எழுதியிருந்தால் அது அரசுப் புறம்போக்கு. யாரும் அடைக்க முடியாது. படத்தில் வெறும் புள்ளிக்கோடு மட்டும் அடுத்தவர் பட்டா நிலத்தின் குறுக்கே போனால், அது வழக்கத்தில் நடந்துவரும் தடம். படத்தில் எதுவுமே இல்லாமல், தரையில் மட்டும் டிராக்டர் சுவடு தெரிந்தால், இன்றைய உரிமையாளரின் நல்ல மனசுதான் உங்கள் பாதை. பின்னிரண்டு நிலையிலும், விற்பவரின் தாய்ப்பத்திரத்தில் ‘மாமூல் வண்டித்தட பாத்தியம்’ அகலத்தோடும் திசையோடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தடம் போகும் நிலத்தின் உரிமையாளருடைய பத்திரத்திலும் அதே வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு பக்கப் பத்திரத்தில் மட்டும் எழுதிக்கொண்ட பாத்தியம் நீதிமன்றத்தில் தடுமாறும்.

தடமும் கிடைத்து, அனுமதியும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 228.5 சென்ட் என்பது 99,500 சதுர அடி. ஏறத்தாழ 9,250 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது ஒதுக்கிடம் விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்குள் இருப்பதால், இடமாக ஒதுக்க வழியில்லை என்றால் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் விதி இடம் தருகிறது. சாலையையும் ஒதுக்கிடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் போக, விற்கக் கிடைப்பது 60 முதல் 65 சதவீதம். இன்று சதுர அடி 69 ரூபாய்க்கு வாங்குவதாகத் தோன்றும் நிலம், 62 சதவீதம் விற்கக் கிடைத்தால் 111 ரூபாய், பதிவுச் செலவு சேர்த்தால் 121 ரூபாய் அடக்கம். பணத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் பத்தாண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்படியானால் பத்தாம் ஆண்டு உங்கள் அடக்கவிலை 240. சாலை, வடிகால், மின்கம்பம், அனுமதிக் கட்டணங்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எல்லாம் அதற்கு மேல். (500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா கட்டாயம்.) இன்று அந்த ஊரில் அனுமதி பெற்ற மனை சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று நீங்களே விசாரியுங்கள். அதன் பிறகு தரகரின் பத்து வருஷத்தை மறுபடி கேளுங்கள்.

‘அனுமதியெல்லாம் எதற்கு, பத்துப் பத்துச் சென்ட்டாகப் பண்ணை நிலம் என்று பிரித்து விற்கலாம்’ என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். திட்ட அனுமதி இல்லாமல் மனையாக மாற்றிய நிலத்தைப் பதியக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளுக்குத்தான் 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த வண்டி போய்விட்டது.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு, அந்தக் கிராமம் சேலம் உள்ளூர்த் திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதை நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் புல எண் கொடுத்து எழுத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளே என்றால் முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண்ணுக்கு என்ன வகைப்பாடு என்பதே பேச்சு. வெளியே என்றால் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மாற்றம் கேட்க வேண்டும். வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். உங்களுடையது புஞ்சை என்பது நல்லதுதான். ஏரி ஆயக்கட்டில் வரும் நஞ்சையாக இருந்திருந்தால் இந்தப் பேச்சையே தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

இப்போது விற்பவர்களைப் பார்ப்போம். தந்தையும் பெரியப்பாவும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறார்கள் என்றால், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்ததற்குப் பதிவான பத்திரம் இருக்கிறதா? ‘வாய்ப்பாகம்தான், ஊருக்கே தெரியும்’ என்றால் அது போதாது. ஊருக்குத் தெரிந்தது சார்பதிவாளர் புத்தகத்துக்குத் தெரியாது. பெரியப்பா வகையறா அனைவரும் சேர்ந்து இப்போது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அதன் பிறகு தனிப்பட்டா. அதன் பிறகு கிரயம். இந்த வரிசையைப் புரட்டினால், நாளை பெரியப்பா பேரன் வந்து ‘தடத்தோரப் பாதி எங்களுடையது’ என்பான். உங்களிடம் பதில் இருக்காது.

தங்கை விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. தந்தை சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகம் என்றால் 2005 திருத்தம் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. கல்யாணத்தில் போட்ட நகை, சீர், எதுவும் பங்குக்கு ஈடாகச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அவர் கிரயப் பத்திரத்தில் விற்பவராகவே கையெழுத்திட வேண்டும், அல்லது அதற்கு முன் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அந்தத் தந்தையைப் பெற்ற பாட்டி உயிருடன் இருந்தால் அவரும் வாரிசு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கையெழுத்தைப் பாருங்கள். வாரிசுகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்பது செல்லாது.

தரகர் பெயரில் ‘பவர்’ இருப்பதாகச் சொன்னால் நேரே உரிமையாளர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். அதற்காகத்தான் பதிவின்போது உயிர்ச் சான்று கேட்கிறார்கள்.

வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்கு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடி எழுதித் தருவார்கள். பழைய புல எண்ணுக்கும் புதிய புல எண்ணுக்கும் தனித்தனியாக மனு போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் சான்று சுத்தமாக வரும், நிலம் சுத்தமாக இருக்காது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், நகைக்கடனோடு சேர்த்துப் பட்டாவைக் காட்டி வாங்கிய கடன் போன்றவை வில்லங்கத்தில் தெரியாமலே இருக்கலாம். உள்ளூர்ச் சங்கத்திலிருந்து கடன் இல்லாச் சான்று வாங்கச் சொல்லுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் காட்டாமல் நகலை மட்டும் நீட்டினால், அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தை நிதானமாகப் படியுங்கள். பஞ்சமி நிலமா, நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டதா, பூமிதானமா, கோயில் இனாமா என்பதெல்லாம் அங்கேதான் வெளிச்சமாகும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை, இடையில் எத்தனை கிரயம் நடந்திருந்தாலும், பட்டா யார் பெயரில் மாறியிருந்தாலும், அந்த மக்கள் அல்லாதவர் வாங்கினால் கிரயம் நிற்காது. சேலம் மாவட்டத்தில் மிட்டா (சிறு ஜமீன்), இனாம் (மானியம்) நிலங்கள் அதிகம் இருந்ததால், பதிவேட்டில் இனாம் என்று பழைய குறிப்பு இருந்தால் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ரயத்வாரிப் பட்டா வழங்கிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அடங்கலில் (சாகுபடிப் பதிவேடு) வேறொருவர் பெயரில் சாகுபடி ஏறியிருந்தால் அவர் குத்தகைதாரரா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றுவது எளிதல்ல.

காட்டுக்கு நேரில் போவதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். கோடையில் மோட்டாரைப் போட்டு, எத்தனை மணி நேரத்தில் ஃபுட்வால்வு (குழாயின் அடிமுனை) வெளியே தெரிகிறது, மறுநாள் காலை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். பாறைப் பூமி, பக்கத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று வந்த இடங்கள் உண்டு. பாதிப் பங்கு என்பது எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம், யார் மோட்டார், கிணறு தூர்வாரும் செலவு யாருக்கு என்பதெல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். மின் இணைப்பு எண்ணையும் எழுத வேண்டும். பெயர் மாற்றத்துக்கு விற்பவரின் சம்மதக் கடிதத்தைக் கிரயத்தன்றே வாங்கிவிடுங்கள், பிறகு அவர் போனை எடுக்க மாட்டார். இலவச இணைப்பு விவசாயத்துக்கு மட்டும். அதிலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுத்தால் அபராதம். நிலத்தை மனையாக்கினால் இணைப்பும் போகும்.

மூலையில் போகும் கம்பி எத்தனை கே.வி. என்று கோபுரத்து எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் கேளுங்கள். 110 கே.வி. என்றால் அதன் அடியில் 22 மீட்டர் அகலப் பட்டையில் கட்டடம் வராது, தென்னையும் வைக்க முடியாது. அது காட்டுக்குள் 40 மீட்டர் நீளம் ஓடினாலே 21 சென்ட்டுக்கு மேல். இந்தப் பரப்புக்கும் முழு விலை கேட்கிறார்களா?

விமான நிலையம் பற்றி: காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி பக்கம் விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. உங்கள் புல எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலக நில எடுப்புப் பிரிவில் கேளுங்கள். இருந்தால் இழப்பீடு வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயங்களையும் வைத்துக் கணக்கிடப்படும். தரகர் சொன்ன விலையை யாரும் கேட்க மாட்டார்கள். இல்லாவிட்டாலும் கட்டட உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018-இல் அறிவிக்கையான புல எண்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்: 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. நடுவில் விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் நின்றவர்கள் நிறையப் பேர். பெரிய திட்டம் பக்கத்தில் வந்தால் விலை ஏறும். நம் காட்டுக்குள்ளேயே வந்தால் கதை வேறு.

ஏற்காடு யோசனைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஏற்காடு வட்டக் கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. கட்டட அனுமதிக்கு வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் என்று துறை துறையாகத் தடையின்மைச் சான்று வேண்டும்; சரிவு அதிகமானால் அங்கேயே நின்றுவிடும். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் விலை சொல்லும்போது சில்வர் ஓக் மரங்களின் மதிப்பையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். பெரிய எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கும் 40 சென்ட் என்றால், அந்த எஸ்டேட் தோட்டம் என்ற பெயரில் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றதா என்று பார்க்க வேண்டும். தோட்டம் அல்லாத பயனுக்கு மாறினால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். எஸ்டேட் சாலை தனியாருடையது, கேட்டுக்குப் பூட்டு அவர்களுடையது. மலைவாழ் மக்களுக்கு ஒப்படைத்த நிலமாக இருந்தால் தொடவே வேண்டாம். காட்டேஜ் வாடகைக் கனவோடு வாங்கியவர்கள் பலர் இன்னும் வாங்கிய நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வயதுக்கும் பணத்துக்கும் இது ஒத்துவராது.

ஓமலூர் காட்டை, விவசாயக் காடாக மட்டும் பார்த்தால் என்ன விலை பெறும் என்று முடிவு செய்துகொண்டு பேசுங்கள். மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் அந்தத் தண்ணீர் போதுமா, குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும் என்பதை வைத்து விலை. சைட் கனவுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம். தடம் அரசுப் பாதையாக 24 அடிக்கு இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஊர்ச்சாலை முகப்பில் ஒரு ஏக்கர் கிடைத்தால், உள்ளே இருக்கும் இரண்டேகாலைவிட அதுவே மேல்; பாதிப் பணமும் கையில் நிற்கும்.

பணம் கொடுக்கும் முறை: பெரியப்பா வகையறா பாகப்பத்திரம் பதியும்வரை அட்வான்ஸ் வேண்டாம். கேட்டே தீருவார்கள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். காசோலையாகவோ வங்கி வழியாகவோ மட்டும். நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு என்பதைச் சொன்னால் ரொக்கப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். எல்லை அளந்து கல் நட்டுத் தருவது, தடம், கிணறு, கடன் இல்லாச் சான்று ஆகிய நான்கும் விற்பவர் பொறுப்பு என்றும், தவறினால் அட்வான்ஸ் திரும்ப என்றும் எழுதுங்கள். எஃப்-லைன் (புல எல்லை) அளவைக்கு விற்பவரே மனு போடட்டும். சர்வேயர் வரும் நாளில் நான்கு பக்கத்துக் காட்டுக்காரர்களும் வரப்பில் நிற்க வேண்டும். கல் நடும்போது வாய் திறக்காதவர் பிறகு தகராறுக்கு வருவது குறைவு.

வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். கிராமப்புற விவசாய நிலமானால் வேண்டியதில்லை. கிராமப்புறமா என்பதற்குச் சேலம் மாநகராட்சி எல்லையிலிருந்து வான்வழித் தூரம் 6 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 10,000 மக்கள்தொகையைத் தாண்டிய பேரூராட்சி பக்கத்தில் இருந்தால் அதன் எல்லையிலிருந்தும் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஓமலூர்ப் பக்கம் இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தூரத்துக்குத் தாசில்தார் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் பிற்பாடு நீங்கள் விற்கும்போதும் அது உதவும்.

முதல் வேலையாக, ‘அ’ பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்கி, தடம் எந்தப் புல எண்ணில் போகிறது என்று பாருங்கள். அது தனியார் பட்டாவில் போகிறது என்று தெரிந்தால், மற்ற எதையும் பார்க்கச் செலவு செய்ய வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு காடு பாருங்கள்.